பூஜ்யத்திலிருந்து தொடங்குவது யார்?

நிதி இலாகாக்களில் ஒரு மந்திரம் ஓதப்படுகிறது. "பூஜ்ய அடிப்படை பட்ஜெட்" என்பது அதன் பெயர். மத்தியப் பிரதேச சர்க்கார் தனது 2025-26 பட்ஜெட்டை இந்த முறையிலேயே தயாரித்ததாக அறிவித்துப் பெருமைப்பட்டுக் கொண்டது. மாநிலங்களின் கஜானா வற்றும்போதெல்லாம் நிர்வாக நிபுணர்களும் ஆலோசனைக் கம்பெனிகளும் இதே மருந்தைத்தான் சிபாரிசு செய்கிறார்கள். வியாதி எதுவானாலும் ஒரே சூரணத்தை மடித்துக் கொடுக்கும் சந்தை வைத்தியனின் நினைவுதான் நமக்கு வருகிறது.

இந்த முறையின் பொருள் என்ன? வழக்கமாக, ஓர் இலாகா போன வருஷம் நூறு ரூபாய் செலவழித்திருந்தால், அந்த நூறு இந்த வருஷமும் கேள்வியின்றி அதைச் சேரும். அதற்கு மேல் கேட்கும் பத்து ரூபாயைப் பற்றித்தான் நிதி இலாகா வாதாடும். பூஜ்ய முறையில் அந்த நூறும் கிடையாது. ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு இலாகாவும் வெறுங்கையோடு வந்து நிற்க வேண்டும். ஏன் இந்த ஆபீஸ், ஏன் இந்தத் திட்டம், ஏன் இத்தனை பேர் என்று முதல் ரூபாயிலிருந்து நியாயம் சொல்ல வேண்டும். சொல்ல முடியாதவை ஒழியும்.

கேட்பதற்கு இது நியாயமாகவே இருக்கிறது. மக்களின் பணத்தை ஏன் செலவழிக்கிறாய் என்று கேட்பது எப்படித் தவறாகும்? பிப்ரவரி வரை பைல் உறங்குவதும், மார்ச் மாதத்துக் கடைசி வாரத்தில் பில்கள் மலைபோல் குவிவதும் ஊர் அறிந்த விஷயம். யாருக்காகத் தொடங்கினோம் என்பது மறந்துபோன பிறகும் ஜீப்பும் பங்களாவும் மட்டும் நிலைத்திருக்கும் திட்டங்கள் உண்டு. காண்டிராக்டர்களுக்காகவே போடப்பட்டு, போட்ட மழைக்காலத்திலேயே கரைந்து, மறு வருஷம் மீண்டும் போடப்படும் சாலைகள் உண்டு. இவற்றை யாரும் தட்டிக் கேட்கக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்றுதான் சொல்கிறோம். ஆனால் கேள்வி கேட்பவர் யார், கேட்கப்படுபவர் யார், யாரிடம் கேள்வியே எழுவதில்லை என்பதைப் பார்க்காமல் இந்த மந்திரத்துக்குத் தலையாட்ட நாம் தயாராக இல்லை.

முதலில், இது புதிது என்ற பேச்சே தவறு. அமெரிக்காவின் விவசாய இலாகா 1962லேயே இதைச் செய்து பார்த்தது. அதிகாரிகள் வாரக்கணக்கில் காகிதம் நிரப்பினார்கள். விளைந்த மாற்றம் விரல்விட்டு எண்ணத்தக்கது. பின்னர் 1969ல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் என்ற மின்னணுக் கம்பெனியில் பீட்டர் பைர் என்னும் நிர்வாகி இதற்கு ஒரு வடிவம் கொடுத்தார். அங்கேயும் இது முக்கியமாகத் தலைமை ஆபீஸ், ஆராய்ச்சி போன்ற பிரிவுகளின் செலவுக்காகவே வகுக்கப்பட்டது. அவர் 1970ல் ஹார்வர்டு வாணிபக் கல்லூரியின் சஞ்சிகையில் எழுதிய கட்டுரை ஜிம்மி கார்ட்டரின் கண்ணில் பட்டது. அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள ஜார்ஜியா மாநிலத்துக்குக் கார்ட்டர் 1971ல் கவர்னரானார். நம் நாட்டுக் கவர்னர் போல அல்ல. அங்கே கவர்னர்தான் மாநில நிர்வாகத்தின் தலைவர். பைரை வரவழைத்து, மாநில இலாகாக்கள் அனைத்துக்கும் இந்த முறையைப் புகுத்தினார்.

அங்கே நடந்ததை நம் நிதி மந்திரிகள் ஒரு தடவையாவது படித்துப் பார்ப்பது நல்லது.

ஒவ்வோர் இலாகாவும் தன் வேலைகளைச் சிறு சிறு கூறுகளாகப் பிரித்து, கூறு ஒன்றுக்கு ஒரு "தீர்மானக் கட்டு" எழுத வேண்டும். குறைந்தபட்சப் பணத்தில் என்ன செய்வாய், இப்போதுள்ள பணத்தில் என்ன செய்வாய், கூடுதலாகக் கொடுத்தால் என்ன செய்வாய் என்று அதில் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். பிறகு எல்லாக் கட்டுகளையும் முக்கியத்துவப்படி வரிசைப்படுத்த வேண்டும். இப்படி ஜார்ஜியாவில் சேர்ந்த கட்டுகள் ஏறக்குறைய 11,000! கட்டு ஒன்றுக்கு ஒரே ஒரு நிமிஷம் ஒதுக்கினாலும் 183 மணி நேரம் ஆகும். கவர்னர் வேறு வேலை பாராமல் தினம் நான்கு மணி நேரம் உட்கார்ந்தாலும் 46 நாட்கள் வேண்டும். ஒரு நிமிஷத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் தலைவிதியை நிர்ணயிக்கும் ஆற்றல் எந்தக் கவர்னருக்கு உண்டு? ஹார்வர்டு வாணிபக் கல்லூரியின் பேராசிரியர் ராபர்ட் ஆந்தனியே 1977ல் இதுபோன்ற ஒரு கணக்கைப் போட்டுக் காட்டி, இந்த முறை ஒரு மோசடி என்று எழுதினார். அவர் தொழிலாளர் தலைவர் அல்ல. முதலாளிகளுக்குக் கணக்கியல் கற்றுக் கொடுத்தவர்.

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. வருமானக் கணக்கு மாறியபோது, ஏற்கெனவே போட்ட வரிசையில் மேலிருந்தோ கீழிருந்தோ சேர்க்கவும் குறைக்கவும் வேண்டியதுதானே? அப்படித்தானே சொல்லியிருந்தார்கள்? இல்லை. இலாகாக்களைக் கூப்பிட்டுப் புதிதாகக் கட்டுகள் எழுதித் தரச் சொன்னார்கள்! அந்த அனுபவத்தை ஆராய்ந்தவர்கள், ஓர் இலாகாவிலிருந்து இன்னோர் இலாகாவுக்குப் பணம் குறிப்பிடத்தக்க அளவில் மாறியதாகக் காணோம் என்றே கண்டார்கள். கார்ட்டர் ஜனாதிபதியானதும் 1977ல் அமெரிக்க மத்திய சர்க்காருக்கும் இதையே ஏற்றினார். ரீகன் வந்த அதே வருஷம், 1981ல், அந்த உத்தரவு ரத்தாயிற்று. மக்கள் நலச் செலவை வெட்டுவதில் ரீகனுக்கு இணையாக எவரைச் சொல்வது? அவருக்கே இந்தக் கத்தி பயன்படவில்லை. அவர் வெட்டுவதற்கு 11,000 காகிதக் கட்டுகள் தேவைப்படவில்லை.

பெயர் பூஜ்யம் என்றாலும், எந்த இலாகாவும் உண்மையில் பூஜ்யத்திலிருந்து தொடங்கியதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். நடப்புச் செலவில் நூற்றுக்கு எண்பது என்பது போன்ற ஓர் அளவை நிர்ணயித்து, "இதில் பிழைத்துக்கொள்ள முடியுமா?" என்று கேட்பதே பல இடங்களில் நடந்த காரியம். அதாவது, தத்துவம் பூஜ்யம். நடைமுறை நூற்றுக்கு இருபது வெட்டு.

இந்தக் காகிதக் கட்டை எழுதுபவர் யார் என்று பாருங்கள். கிராமத்துத் துணைச் சுகாதார நிலையத்தின் நர்சு எழுதுவதில்லை. அவளுடைய நோயாளிகளும் எழுதுவதில்லை. தலைநகரத்து டைரக்டர் ஆபீசில் உட்கார்ந்திருக்கும் உத்தியோகஸ்தர் எழுதுகிறார். வரிசையில் தன் ஆபீசை அவர் எங்கே வைப்பார்? முதலில் வைப்பார்! தலைமை ஆபீஸ் இல்லாமல் இலாகா ஏது? பிறகு வாகனம், பிறகு ஆய்வுக் கூட்டம், பிறகு கம்ப்யூட்டர் ஒப்பந்தம். நர்சும் மருந்தும் பிரசவ அறைக்குத் தண்ணீரும் வரிசையின் வாலில் தொங்கும். சாமர்த்தியக்கார உத்தியோகஸ்தர் இன்னொரு தந்திரமும் செய்வார். எதை நிறுத்தினால் ஊர் கொதித்தெழுமோ அதையே கடைசியில் வைத்து, "வெட்டிப் பாருங்கள்" என்று சவால் விடுவார். எப்படியானாலும் பணயம் வைக்கப்படுவது ஏழையின் பண்டம்தான்.

நம் நாட்டுக்கு வருவோம். மகாராஷ்டிர சர்க்கார் 1986ல், சங்கரராவ் சவாண் முதல் மந்திரியாக இருந்தபோது, இந்த முறையை ஆரவாரத்துடன் அறிவித்தது. மத்திய சர்க்காரும் அதே வருஷம் தன் இலாகாக்களுக்கு இதைச் சொல்லி அனுப்பியது. சில வருஷங்களில் இரண்டு ஆரவாரமும் அடங்கிவிட்டன.

அந்த மகாராஷ்டிரத்தின் கதையிலே நமக்கு இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. ஒன்று, அங்கே ஏற்கெனவே 1977ல் வேலை உறுதிச் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. பஞ்சத்தில் அடிபட்ட கிராமப்புற ஏழை வேலை கேட்டால் சர்க்கார் கொடுத்தே தீர வேண்டும். அதற்கென்று 1975ல் தொழில் வரியும் போடப்பட்டது. பின்னர் 2005ல் வந்த தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டத்துக்கு அதுவே முன்னோடி. சட்டப்படி உரிமையாகிவிட்ட செலவு எந்த உத்தியோகஸ்தரின் வரிசைக்கும் கட்டுப்பட்டதல்ல. மண்வெட்டி பிடித்த கைகளுக்குப் பூஜ்யப் பூச்சாண்டியிலிருந்து பாதுகாப்பு அளித்தது சட்டம். நிதி இலாகாவின் கருணை அல்ல.

இரண்டாவது பாடம் என்ரான். இலாகாக்களைப் பூஜ்யத்திலிருந்து நியாயம் சொல்லச் சொன்ன அதே மாநிலம், 1993 டிசம்பரில் அமெரிக்க என்ரான் கம்பெனியின் தாபோல் மின் நிலையத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. மின்சாரத்தை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் பணம் கட்ட வேண்டும் என்பது அதன் சாரம். மின்வாரியம் கட்டத் தவறினால் மாநில சர்க்கார் ஜாமீன். மாநிலம் தவறினால் மத்திய சர்க்கார் எதிர் ஜாமீன்! 1995ல் வந்த புதிய மந்திரிசபை ஒப்பந்தத்தை அரபிக் கடலில் எறிவதாகச் சொல்லி ஓட்டு வாங்கியது. பிறகு அதே கம்பெனியோடு மறுபடி பேசிக் கையெழுத்திட்டது. 1999ல் மின்சாரம் வந்தது. விலை தாங்காமல் 2001ல் மாநில மின்வாரியம் வாங்குவதை நிறுத்திற்று. அந்த வருஷம் டிசம்பரில் என்ரானே திவாலாயிற்று. சுமை யார் தலையில் விழுந்தது என்று சொல்லவும் வேண்டுமா?

நாம் கேட்கிறோம்: அந்த ஒப்பந்தத்துக்கு "தீர்மானக் கட்டு" எழுதியவர் யார்? இந்தச் செலவு இல்லாவிட்டால் என்ன கெட்டுவிடும் என்று கேட்டவர் யார்? பள்ளிக்கூடத்தின் கடைநிலை ஊழியனிடம் வருஷா வருஷம் கேட்கத் துணிகிற கேள்வியை, இருபது வருஷத்துக்குக் கம்பெனிக்குக் கட்டுப்படும் ஒப்பந்தத்திடம் ஒரு தடவை கேட்டிருந்தால் போதாதா? எடுக்காத மின்சாரத்துக்கும் நிலைக் கட்டணம் கட்டும் ஏற்பாடு தாபோலோடு முடிந்துபோகவில்லை. பல மாநிலங்களின் மின் கம்பெனிகள் தனியார் நிலையங்களுக்கு அதைச் செலுத்தி வருகின்றன.

மாநில பட்ஜெட்டிலே கேள்விக்கு அப்பாற்பட்ட பகுதி ஒன்று உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அரசியல் சட்டத்தின் 202வது பிரிவின்படி சில செலவுகள் நேரடியாகத் தொகுப்பு நிதியின் மீது ஏற்றப்பட்டவை. கவர்னரின் சம்பளமும் படிகளும் அதில் உண்டு. கடனுக்கான வட்டி உண்டு. 203வது பிரிவின்படி இவற்றைச் சட்டசபை விவாதிக்கலாம். ஓட்டுக்கு விட முடியாது. ஆக, ஆசிரியரின் சம்பளத்தைச் சட்டசபை மறுக்கலாம். கடன் கொடுத்தவனின் வட்டியை மறுக்க முடியாது! வட்டியைக் கட்டாதே என்று நாம் கூறவில்லை. மாநிலக் கடன் பத்திரங்களில் எல்.ஐ.சி. பாலிசிதாரர்களின் சேமிப்பும், தொழிலாளர்களின் பிராவிடண்டுப் பணமும் இருக்கின்றன. ஆனால் இந்தக் கடன் ஏன் வாங்க நேர்ந்தது, எந்த வருமானம் விடப்பட்டதால் வாங்க நேர்ந்தது என்ற கேள்வியை எந்தப் பூஜ்ய பட்ஜெட்டும் தொட்டதில்லை.

சம்பளம், பென்ஷன், வட்டி ஆகிய மூன்றும் சேர்ந்து மாநிலங்களின் வருவாயில் சுமார் பாதியை எடுத்துக்கொள்கின்றன. வட்டியைத் தொட முடியாது. வேலையில் இருப்பவரின் சம்பளத்தையும் ஓய்வு பெற்றவரின் பென்ஷனையும் எளிதில் தொட முடியாது. அப்படியானால் கத்தி எங்கே இறங்கும்? காலியாகும் பதவிகளின் மீது இறங்கும். தமிழ்நாட்டில் 2001 நவம்பரில் புதிய நியமனங்களுக்குப் போடப்பட்ட தடை 2006 வரை நீடித்தது. படித்துவிட்டு எம்ப்ளாய்மெண்ட் எக்சேஞ்சில் பதிந்து காத்திருந்த ஒரு தலைமுறையின் சிறந்த ஐந்து வருஷங்கள் அவை. அதற்கு யாரும் பூஜ்யம் என்று பெயர் வைக்கவில்லை. வேலை தேடியவன் கண்டது பூஜ்யம்தான். அடுத்து, நிரந்தரப் பதவியே இல்லாமல் மதிப்பூதியத்தில் வேலை வாங்கப்படும் அங்கன்வாடிப் பெண்கள், ஆஷா ஊழியர்கள், ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளர்கள் மீது இறங்கும். "பதவி" இல்லாத இவர்களைக் கணக்கிலிருந்து அடிக்க ஒரு பேனா போதும். அதற்கும் பிறகு மாணவர் உதவித் தொகை, விடுதிச் சாப்பாடு, ஆஸ்பத்திரி மருந்து.

இவற்றின் பலனை எந்தத் தராசில் நிறுக்கப் போகிறார்கள்? தமிழ்நாட்டிலே பள்ளிக் குழந்தைகளுக்கு மதிய உணவு 1956ல் காமராஜ் காலத்தில் தொடங்கி, 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாக விரிந்தது. அப்போது அறிஞர்கள் எத்தனை பேர் இதைத் தண்டச் செலவு என்று எழுதினார்கள்! அன்றைக்கு ஒரு "தீர்மானக் கட்டு" எழுதச் சொல்லியிருந்தால், இந்தச் சோற்றால் இந்த வருஷம் மாநிலத்தின் உற்பத்தி எவ்வளவு உயரும் என்ற கட்டத்தில் உத்தியோகஸ்தர் என்ன எழுதியிருப்பார்? பூஜ்யம் என்றுதான் எழுதியிருப்பார். 2001 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு நாடு முழுவதும் சமைத்த உணவு போட உத்தரவிட்டபோது தமிழ்நாடு வழிகாட்டும் மாநிலமாக நின்றது. சோற்றின் பலன் இருபது வருஷம் கழித்து வரும். பட்ஜெட்டின் ஆயுளோ பன்னிரண்டு மாதம்.

தனியார் கம்பெனிகளைப் பாருங்கள், அவர்கள் எவ்வளவு திறமையாக இதைச் செய்கிறார்கள் என்பார்கள். பார்ப்போம். அமெரிக்காவின் கிராப்ட், ஹைன்ஸ் என்ற இரண்டு உணவுக் கம்பெனிகள் 2015ல் ஒன்றாக்கப்பட்டன. அவற்றின் பின்னிருந்த 3ஜி கேப்பிடல் என்ற முதலீட்டுக் கும்பல் பூஜ்ய பட்ஜெட்டைத் தன் வேதமாகக் கொண்டது. அந்த வருஷமே ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். ஆலைகளை மூடுவதாக அறிவித்தார்கள். பத்திரிகைகள் புகழ்ந்தன. 2019 பிப்ரவரியில் அந்தக் கம்பெனி தன் சொத்து மதிப்பிலிருந்து 1,540 கோடி டாலரைத் தானே எழுதித் தள்ளிற்று. செலவைக் குறைத்துக்கொண்டே போனவர்கள், விற்கும் பண்டத்தைக் கவனிக்க மறந்தார்கள். பங்குதாரர்கள் பணம் இழந்தார்கள். அது அவர்கள் பாடு. ஒரு மாநிலத்தின் ஆரம்பச் சுகாதார நிலையங்களை இப்படி எழுதித் தள்ளினால் இழப்பது உயிர்.

வரவுப் பக்கத்துக்கு வருவோம், ஏனெனில் பூஜ்யத்தின் பக்தர்கள் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. 2019 செப்டம்பரில் மத்திய சர்க்கார் கம்பெனி வரியை நூற்றுக்கு 30லிருந்து 22 ஆகக் குறைத்தது. புதிய உற்பத்திக் கம்பெனிகளுக்கு 15 ஆக்கியது. ஒரு வருஷத்துக்கு 1,45,000 கோடி ரூபாய் வருமானம் போகும் என்று சர்க்காரே சொல்லிற்று. கம்பெனி வரி மாநிலங்களோடு பங்கிடப்படுவது. அப்போது அமலில் இருந்த 14வது நிதிக் கமிஷனின் 42 சதவிகிதக் கணக்குப்படி, ஏறத்தாழ 60,000 கோடி ரூபாய் மாநிலங்களின் பணம். எந்த மாநிலத்தைக் கேட்டுச் செய்தார்கள்? எந்தத் "தீர்மானக் கட்டு" எழுதப்பட்டது? இன்னொரு பக்கம், செஸ் என்றும் சர்சார்ஜ் என்றும் வசூலிப்பதை அரசியல் சட்டத்தின் 270வது பிரிவு மாநிலங்களோடு பங்கிடுவதிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. பங்கிட வேண்டிய வரியைக் குறைப்பதும், பங்கிட வேண்டாத வரியைப் பெருக்குவதும், பிறகு மாநிலங்களைப் பார்த்துச் சிக்கனம் போதிப்பதும் ஒரே நாடகத்தின் மூன்று காட்சிகள்.

மாநில சர்க்கார்களும் இதில் சுத்தமானவை அல்ல. முதலீட்டாளர் மாநாடுகளில் கையெழுத்தாகும் ஒப்பந்தங்களில் நிலத்தில் சலுகை, மின்சார வரியில் விலக்கு, கட்டிய ஜி.எஸ்.டி.யில் மாநிலப் பங்கைத் திருப்பித் தருவது என்று பல வருஷங்களுக்கு வாக்களிக்கப்படுகிறது. போட்ட முதலுக்கு ஈடாக எத்தனை பேருக்கு வேலை, எவ்வளவு சம்பளம் என்று வருஷா வருஷம் அந்தக் கம்பெனி சட்டசபையின் முன் நியாயம் சொல்கிறதா? கிடையாது. அந்தச் சலுகை ஒரு தடவை கொடுக்கப்பட்டால் அடுத்த வருஷமும் அது கேள்வியின்றி உண்டு. எந்தப் பழைய முறையை ஒழிப்பதாகச் சொல்கிறார்களோ, அந்தப் பழைய முறை முதலாளிகளின் பக்கத்தில் மட்டும் வாடாமல் வாழ்கிறது.

மக்களிடமிருந்தே பட்ஜெட்டைத் தொடங்கிய உதாரணங்களும் உலகில் உண்டு. பிரேசில் நாட்டின் போர்ட்டோ அலெக்ரே நகரத்தில் 1989 முதல் பேட்டை பேட்டையாக மக்கள் கூடி, சாக்கடையா சாலையா பள்ளியா, எது முதலில் என்று விவாதித்து நகரசபையின் முதலீட்டுச் செலவை வரிசைப்படுத்தினார்கள். கேரளத்தில் 1996ல் தொடங்கிய மக்கள் திட்டத்தில், மாநிலத் திட்ட நிதியில் நூற்றுக்கு 35 முதல் 40 வரை பஞ்சாயத்துக்களுக்கும் நகரசபைகளுக்கும் கொடுக்கப்பட்டு, கிராம சபைகளில் தேவைகள் பேசப்பட்டன. அங்கும் குறைகள் இருந்தன. சில ஊர்களில் கூட்டம் கூடவில்லை, சில ஊர்களில் கூடியவர்கள் பயனாளிகள் பட்டியலோடு நின்றுவிட்டார்கள். ஆனாலும் வரிசையை எழுதிய கை வேறு.

ஆகையால் பூஜ்ய பட்ஜெட் பேசும் மாநில சர்க்கார்களுக்கு நம் கோரிக்கைகள் இவை. மத்திய பட்ஜெட்டோடு 2006 முதல் வரிச் சலுகைகளால் விடப்படும் வருமானத்துக்கு ஓர் அறிக்கை இணைக்கப்படுகிறது. மாநில பட்ஜெட்டிலும் கம்பெனி வாரியாக அத்தகைய அறிக்கை வைக்கப்பட வேண்டும். பூஜ்யப் பரிசோதனை அங்கிருந்து ஆரம்பமாகட்டும். மின்சாரக் கொள்முதல் ஒப்பந்தங்களும், சாலை, கம்ப்யூட்டர், ஆள் சப்ளை காண்டிராக்டுகளும் இரண்டாவதாக வரட்டும். ஒரு திட்டத்தை நிறுத்துவதாக இருந்தால், அதன் "தீர்மானக் கட்டு" தமிழிலோ அந்தந்த மாநில மொழியிலோ மூன்று மாதங்களுக்கு முன்பே வெளியிடப்பட்டு, அதை அனுபவிக்கும் மக்களின் கிராம சபையிலும், அதில் வேலை செய்யும் சிப்பந்திகளின் சங்கங்களிலும் வைக்கப்பட வேண்டும். கடைசி நாளில் மானியக் கோரிக்கைகளை விவாதமின்றி மொத்தமாக நிறைவேற்றும் வழக்கத்தைச் சட்டசபை கைவிட்டு, இலாகாவுக்கு ஒரு நாளாவது ஒதுக்க வேண்டும்.

அடுத்த பட்ஜெட்டுக்கான மதிப்பீடுகளை இலாகாக்கள் தயாரிக்கும் மாதங்களில்தான் காரியம் முடிவாகிறது; பட்ஜெட் உரையன்று மேஜை தட்டும் சத்தம் மட்டுமே மிச்சம். சர்க்கார் சிப்பந்திகள் சங்கங்களும், ஆசிரியர் சங்கங்களும், அங்கன்வாடி ஊழியர்களும், விவசாயத் தொழிலாளர்களும் பிப்ரவரி வரை காத்திருக்காமல் அந்த மாதங்களிலேயே நிதி இலாகாவின் கதவைத் தட்ட வேண்டும்.